பள்ளியில் சமயக் கல்வி: நோக்கத்தையும் பாடப்பொருளையும் வரையறுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஆடி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஆடி வந்துவிடும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதிலிருந்து தெய்வ வேடம் புனைந்தோர் வண்டிகளில் வலம்வரும் வண்டி வேடிக்கை முடியும்வரை, குகை, அம்மாபேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகள் வேறு எதையும் பேசுவதில்லை. அந்த வாரத்தில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "உருளுதண்டம் போட்டால் அம்மை வராதா டீச்சர்?" என்று, கோயிலைச் சுற்றித் தரையில் உருண்டு வரும் நேர்த்திக்கடனைப் பற்றிக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா, "வீட்டில் கேட்டுக்கொள்" என்று உட்காரவைத்துவிடுவதா? பெரும்பாலான ஆசிரியர்கள் மூன்றாவதையே செய்கிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வகுப்பறையில் சமயத்தைப் பற்றி எதற்காகப் பேசுகிறோம் என்பதை அவர்களுடைய பள்ளி ஒருநாளும் எழுத்தில் முடிவு செய்ததில்லை. அந்த முடிவை எப்படி எடுப்பது, எடுத்த முடிவுக்கு ஏற்பப் பாடப்பொருளை எப்படித் தேர்வது என்பதைத் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் பாடக்குழுவில் உட்காரும் ஆசிரியர்களுக்கும் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரை.

முதல் படி: எதைச் செய்யப்போகிறோம் என்று பெயரிட்டுச் சொல்லுதல்

சமயக் கல்வி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு சமயத்தைப் பின்பற்றும் குடும்பத்துப் பிள்ளையை அந்தச் சமயத்தில் வளர்ப்பது முதலாவது; கத்தோலிக்கப் பள்ளிகளில் நடக்கும் மறைக்கல்வியும், மதரஸாவில் நடக்கும் ஓதலும், மடங்கள் நடத்தும் திருமுறை வகுப்பும் இந்த வகையைச் சேர்ந்தவை. இதைச் சமயப் போதனை என்று அழைப்போம். சமயங்கள் எவை, அவற்றைப் பின்பற்றுவோர் எதை நம்புகிறார்கள், எதைச் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவாகக் கற்பிப்பது இரண்டாவது. மூன்றாவது நம் எல்லாருக்கும் பழக்கமான நீதிபோதனை வகுப்பு. கால அட்டவணையில் பெயர் இருக்கும், ஆனால் கணக்கு ஆசிரியர் விட்டுப்போன பாடத்தை முடிக்க வாங்கிக்கொள்ளும் பாடவேளையும் அதுவாகவே இருக்கும்.

முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு தெளிவாக எடுத்துக்காட்டியது. பல சமயத்தினர் வாழும் நாட்டின் அரசு, ஏதேனும் ஒரு சமயத்தைப் போதிப்பது பொருந்தாது என்றும், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது தேவையானது என்றும் அது கருதியது. ஆகவே குழுவின் முதல் கூட்டத்திலேயே, வேறு எதையும் பேசுவதற்கு முன்பாக, "நாம் வரையறுக்கப்போவது சமயங்களைப் பற்றிய கல்வி" என்றோ "சமயப் போதனை" என்றோ ஒரு வரி எழுதி எல்லாரும் கையொப்பமிட வேண்டும். இரண்டையும் ஒரே பாடவேளையில் கலந்து நடத்துவதை நான் ஏற்கமாட்டேன். போதனை நடத்தும் உரிமையுள்ள பள்ளிகள்கூட அதற்குத் தனி நேரமும் தனிப் பெயரும் கொடுப்பதே நேர்மையானது. இங்கிருந்து நான் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகையைக் குறித்தே.

இரண்டாம் படி: சட்டம் போட்ட கோட்டைத் தெரிந்துகொள்ளுதல்

அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது உறுப்பு இதில் அடிப்படையானது. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது. சேலம் மாநகராட்சிப் பள்ளிகளும், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும், ஏற்காட்டு மலையிலுள்ள அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் அடங்கும். சமயப் போதனை தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அறக்கட்டளையால் நிறுவப்பட்டு, பின்னர் அரசின் நிர்வாகத்துக்கு வந்த நிறுவனத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெற்ற மற்றப் பள்ளிகளில் போதனை நடக்கலாம். ஆனால் மாணவரின் இசைவு இல்லாமல், மாணவர் வயதுவராதவராக இருந்தால் பாதுகாவலரின் இசைவு இல்லாமல், யாரையும் அதில் பங்கேற்கவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ கட்டாயப்படுத்த முடியாது. உதவிபெறாத மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்றவையே என்பதால் இந்த விதி அவற்றுக்கும் பொருந்தும் என்பதைப் பல தாளாளர்கள் மறந்துவிடுகிறார்கள். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் ஒரு வரியைச் சேர்த்து வாங்கும் கையெழுத்தை நான் இசைவாகக் கருதுவதில்லை. எந்தப் பாடவேளை, என்ன உள்ளடக்கம், பங்கேற்காத பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும், என்ன செய்யும் என்று தனித் தாளில் தமிழில் எழுதிக் கேட்பதே இசைவு.

சமயங்களைப் பற்றிய கல்விக்கு இந்தத் தடை இல்லை. குரு நானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஆய்வுநோக்கில் படிப்பது சமயப் போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002இல் அருணா ராய் வழக்கில், சமயங்களைப் பற்றிய ஒப்பீட்டு அறிவைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது 28ஆவது உறுப்புக்கு முரணானதல்ல என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளி என்பதாலேயே சமயம் என்ற சொல்லையே வகுப்பில் எடுக்கக்கூடாது என்ற அச்சத்துக்கு, ஆகவே, சட்ட அடிப்படை இல்லை.

மூன்றாம் படி: யார் உட்கார வேண்டும்

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒரு நல்ல முறையை வகுத்தது. இங்கிலாந்துத் திருச்சபை, பிற சமயப் பிரிவுகள், ஆசிரியர் சங்கங்கள், உள்ளாட்சி ஆகிய நான்கு தரப்புக் குழுக்களும் ஒருமித்து ஏற்றால்தான் ஒரு வட்டாரத்தின் சமயப் பாடத்திட்டம் பரிந்துரையாகும். நம் ஊர்ப் பள்ளிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஆனால் அதன் சாரமான "ஒருவர் மறுத்தாலும் அந்த வரி நிற்காது" என்ற விதியை எடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர், தமிழாசிரியர், சமூக அறிவியல் ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வெவ்வேறு சமயப் பின்னணியுள்ள பெற்றோர் மூவர் அல்லது நால்வர், கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் ஆகியோர் போதும். மலையிலுள்ள பள்ளியானால் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்திலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கோயில் அறங்காவலரையோ பங்குத்தந்தையையோ பள்ளிவாசல் இமாமையோ உறுப்பினராக்குவதைவிட, எழுதியதைச் சரிபார்த்துத் தரும் வாசகராக வைத்துக்கொள்வது நல்லது. உறுப்பினராக வந்தால் அவர்கள் தம் சமூகத்தின் பிரதிநிதியாகப் பேசவேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகிறார்கள். வாசகராக இருந்தால் பிழையை மட்டும் சுட்டுவார்கள்.

நான்காம் படி: நோக்கத்தை எழுதுதல்

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. நான் உட்கார்ந்திருந்த முதல் கூட்டத்தில், நோக்கம் என்ற சொல் எழுவதற்கு முன்பே ஒருவர் கரும்பலகையில் பண்டிகைகளின் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டார். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ் என்று பத்துப் பெயர்கள் வந்தன. அவற்றை வைத்து எழுதப்பட்ட பாடங்கள் பத்தும், புத்தாடை உடுத்தி, இனிப்பு வழங்கி, உற்றார் உறவினரோடு மகிழ்ந்து, ஒரே கட்டுரையாகவே இருந்தன. பெயரை மறைத்துவிட்டால் எது எந்தப் பண்டிகை என்று சொல்ல முடியாது. அதே பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அந்த ஆண்டு "புனித வெள்ளி வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார்கள். அது துக்க நாள் என்பதை எழுதியவருக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை. பாடப்பொருளை முதலில் அடுக்கிவிட்டு நோக்கத்தைப் பிறகு தேடினால் கிடைப்பது இதுதான்.

நோக்கத்தை எழுதும்போது "மாணவர்கள் எல்லா மதங்களையும் மதிப்பார்கள்" என்பது போன்ற வரிகள் தாமாகவே வந்து விழும். கேட்க இனிமையானவை, வகுப்பில் பயனற்றவை. மதிப்பு என்பது மனத்துக்குள் நடப்பது; அது நடந்ததா என்று ஆசிரியர் பார்க்க முடியாது, பார்க்க முயன்றால் பிள்ளைகள் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, "எட்டாம் வகுப்பு முடிவில், தன் வீட்டு வழக்கம் அல்லாத ஒரு சமயத்தின் ஒரு வழக்கத்தை, அதைக் கடைப்பிடிப்பவர் 'ஆமாம், அப்படித்தான்' என்று ஏற்றுக்கொள்ளும் சொற்களில் மாணவர் விளக்குவார்" என்று எழுதிப் பாருங்கள். இதைக் கற்பிக்கவும் முடியும், நடந்ததா என்று பார்க்கவும் முடியும். இதிலிருந்தே மதிப்பு வளரக்கூடும். வளராவிட்டாலும் அறியாமை குறைந்திருக்கும்.

ஒவ்வொரு நோக்கத்தையும் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும். நம்பிக்கை அற்ற வீட்டுப் பிள்ளை தன் வீட்டை மறுக்காமல் இதை எட்ட முடியுமா? நோன்பு, விரதம், தவக்காலம் என்று ஆழமாகக் கடைப்பிடிக்கும் வீட்டுப் பிள்ளை தன் நம்பிக்கையை அடகுவைக்காமல் இதை எட்ட முடியுமா? "மாணவர் இறைவனின் கருணையை உணர்வார்" என்பது முதல் கேள்வியில் தோற்கும். "எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்பதை மாணவர் உணர்வார்" என்பது இரண்டாவதில் தோற்கும். எம்மதமும் சம்மதம் என்பது உயர்ந்த வாழ்க்கை நிலையாக இருக்கலாம். பாடநோக்கமாக அது உண்மைக்கு மாறானது. ஊழையும் மறுபிறப்பையும் ஏற்கும் சமயமும், ஒரே பிறவிக்குப் பின் தீர்ப்பு நாளை எதிர்நோக்கும் சமயமும் ஒன்றையே சொல்வதாகக் கற்பித்தால் இரண்டையும் தவறாகக் கற்பித்ததாகவே ஆகும்.

எனக்குச் சரியாகப் படும் நோக்கங்கள் நான்கைத் தருகிறேன். உங்கள் குழு திருத்திக்கொள்ளலாம். தன்னைச் சுற்றியுள்ள சமய வழக்கங்களைத் துல்லியமாகப் பெயரிட்டு விவரித்தல். ஒரே சமயத்துக்குள்ளேயே வேறுபட்ட வழக்கங்கள் இருப்பதை எடுத்துக்காட்டுகளோடு கூறுதல். நம்பிக்கைக் கூற்று, வரலாற்றுக் கூற்று, அறிவியல் கூற்று ஆகியவற்றைப் பிரித்தறிதல். சமயத்தின் பெயரால் நடந்த நன்மையையும் தீங்கையும் சான்றோடு பேசுதல். மூன்றாவதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன், அரசமைப்புச் சட்டத்தின் 51அ உறுப்பு அறிவியல் மனப்பான்மையையும் மக்களிடையே இணக்கத்தையும் ஒருங்கே குடிமகனின் கடமைகளாக வைத்திருப்பதால்.

ஐந்தாம் படி: பாடப்பொருளைத் தேர்தல்

நோக்கம் எழுதியாகிவிட்டால் பாடப்பொருள் ஊருக்குள்ளேயே கிடைக்கும். எதை எடுத்தாலும் அதன் எல்லாப் பக்கங்களையும் தொட்டோமா என்று பார்க்க, சமய ஆய்வாளர் நினியன் ஸ்மார்ட் வகுத்த பரிமாணங்கள் கைகொடுக்கும்: சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, அறநெறி, சமூக அமைப்பு, பொருள்வடிவம். நம் பாடநூல்கள் கதையோடும் அறநெறியோடும் நின்றுவிடுகின்றன. ஆடித் திருவிழாவை இந்த ஏழின் வழியே பார்த்தால் பாடம் தானே விரியும். கம்பம் ஏன் நடப்படுகிறது, நேர்ந்துகொள்வது என்றால் என்ன, வண்டி வேடிக்கையில் தெய்வ வேடம் புனைவது யார், அந்தச் செலவை எந்தத் தெரு எப்படிப் பங்கிடுகிறது, அதே தெருவில் வாழும் கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்கள் அன்று என்ன செய்கின்றன என்று பிள்ளைகளே கேட்டு எழுதிவர முடியும்.

வகுப்பு வாரியாகப் பிரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஐந்தாம் வகுப்புவரை வீட்டிலும் தெருவிலும் கண்ணால் காண்பவை போதும். ஆறு முதல் எட்டு வரை இடங்களும் கதைகளும். கோட்டைப் பகுதியில் மாரியம்மன் கோயிலையும் அழகிரிநாதர் கோயிலையும் ஜாமியா மசூதியையும் ஒரு பிற்பகலில் நடந்தே பார்த்துவிடலாம். அரிசிப்பாளையத்தில் குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது, சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானது. உள்ளே அழைத்துச் செல்லும் நாளில் வழிபாட்டில் பங்கேற்பு இல்லை என்பதையும், விபூதியோ தீர்த்தமோ நற்கருணையோ வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் முன்கூட்டியே இரு தரப்புக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஏற்காட்டில் பாடம் வேறு இடத்தில் தொடங்கும். மலையுச்சிச் சமவெளியில் குறுகலான குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் கோயிலில் ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைமக்கள் கூடுகிறார்கள். சேர்வராயன் மலை என்பது அவர் பெயராலேயே வழங்குகிறது. பாடநூல் வகுக்கும் சமயப் பெயர்களுக்குள் இந்த வழிபாட்டைச் சுருக்கிவிடும் அவசரம் வேண்டாம். மலையாளி மக்கள் தம் தெய்வத்தைப் பற்றிச் சொல்லும் முறையிலேயே முதலில் எழுதிக்கொண்டு, பிறகு பெரிய சமயங்களோடு அதற்குள்ள உறவைப் பேசலாம். தன் தெய்வத்தின் பெயர் பாடத்தில் வருவதைக் காணும் மலைப் பிள்ளைக்கு அடுத்த பாடங்களின்மேல் நம்பிக்கை பிறக்கும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இந்த மாவட்டத்தைவிட நல்ல பாடப்பொருள் அமைவது அரிது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டுவந்த சிலை புத்தருடையது என்று ஒரு தரப்பு வழக்குத் தொடுத்தது. தொல்லியல் வல்லுநர்கள் ஆராய்ந்து, தாமரைப் பீடத்தில் அமர்ந்த நிலை, தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காதுமடல் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அது புத்தர் சிற்பமே என்று அறிக்கை அளித்தனர். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் எடுக்க உத்தரவிட்டது. இதை நான்கு பாடவேளைகளாகப் பிரிக்கலாம்: தலைமுறையாக முனியப்பனை வணங்கியவர்களின் குரல், பௌத்தர்களின் குரல், சிற்பக்கலை வல்லுநரின் சான்று, நீதிமன்றத்தின் காரணம். யார் பக்கம் சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. எந்தக் கூற்றுக்கு எந்த வகைச் சான்று பொருந்தும் என்பதை மாணவர்கள் பிரித்தெழுதினால் மூன்றாவது நோக்கம் நிறைவேறிவிடும். ஆத்தூர் அருகே தியாகனூரில் உள்ள புத்தர் சிலைகளையும் சேர்த்துக்கொண்டால் இந்த வட்டாரத்தின் பௌத்தப் பழமையும் பாடத்துக்குள் வரும்.

நம்பிக்கையின்மைக்கும் இடம் வேண்டும். பர்மிங்ஹாமில் 1975ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் மனிதநேயம், கம்யூனிசம் ஆகிய சமயம் சாராத நிலைப்பாடுகளையும் சேர்த்தபோது அங்கே பெரிய சர்ச்சை எழுந்தது. நமக்கு அது இரவல் கருத்து அல்ல; நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944ஆம் ஆண்டு மாநாடு நடந்ததே இந்தச் சேலத்தில்தான். பகுத்தறிவு இயக்கம் சடங்கைப் பற்றியும் சாதியைப் பற்றியும் எழுப்பிய கேள்விகளை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் சமயத்தைக் கற்பிப்பது பாதிப் பாடமே. அதேபோல் 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசம், அதற்கு முன்பு யார் யார் வெளியே நின்றார்கள் என்பதோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும். இத்தகைய பாடங்களைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவிட்டு நேரமில்லை என்று கைவிடும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். முதல் பருவத்திலேயே வைத்துவிடுங்கள்.

மூலநூல் பகுதிகளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை, தமிழாசிரியரிடம் கேட்டால் போதும். சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் மணிமேகலையையும் தேவாரத்தையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் அவர் பல தலைமுறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்திவருகிறார். உமறுப்புலவரின் பாட்டை மனப்பாடம் செய்ததால் எந்த வீட்டிலும் பஞ்சாயத்து வைத்ததாக நான் கேட்டதில்லை. சமயங்களைப் பற்றிய கல்வி எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு வெளிநாட்டு முன்மாதிரி தேடுவோர், முதலில் பக்கத்து வகுப்பின் தமிழ்ப் பாடவேளையில் போய் உட்காரலாம்.

ஆறாம் படி: ஆசிரியரின் மொழி

பாடக்குறிப்பில் "நாம்", "அவர்கள்" என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டுப் பாருங்கள். "நாம் கோயிலுக்குப் போகிறோம், அவர்கள் மசூதிக்குப் போகிறார்கள்" என்ற ஒரு வாக்கியம், வகுப்பிலிருக்கும் இரண்டு பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. "இந்துக்கள் பலர்", "இஸ்லாமியர் பெரும்பாலோர்", "கத்தோலிக்கர்" என்று உரியவரைச் சொல்லியே எழுத வேண்டும். எல்லா இந்துக்களும் சைவ உணவு உண்பவர்கள் என்று ஒரு குறிப்பில் கண்டேன். ஆடியில் கிடா வெட்டும் ஊரில் அதை எழுதியவரின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி அந்த ஆறாம் வகுப்பு மாணவிக்கு விடை சொல்லலாம். "அம்மன் அம்மையிலிருந்து காப்பாள் என்று பக்தர்கள் பலர் நம்புகிறார்கள், அதனால் நேர்ந்துகொண்டு உருளுதண்டம் போடுகிறார்கள். அம்மை நோய் வைரஸால் பரவுகிறது. தடுப்பூசியால் பெரியம்மையை ஒழித்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முதலாவது அவர்கள் நம்பிக்கை, இரண்டாவது மருத்துவ அறிவு. உன் பாட்டியிடம், எதற்காக நேர்ந்துகொண்டார்கள் என்று கேட்டு நாளைக்கு எழுதிக்கொண்டு வா." ஆசிரியர் அம்மனையும் இகழவில்லை, தடுப்பூசியையும் மறைக்கவில்லை. இந்த நடையை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் முன்னால் பேசிப் பழக இரண்டு பிற்பகல்கள் ஒதுக்குவது, எந்த அச்சிட்ட கையேட்டையும்விடப் பயன் தரும்.

ஏழாம் படி: மதிப்பீடும் மறுபார்வையும்

நம்பிக்கைக்கு மதிப்பெண் இல்லை, பக்திக்கும் இல்லை. விளக்கம் துல்லியமா, சான்று பொருந்துகிறதா என்பவற்றை மட்டும் மதிப்பிட வேண்டும். "உனக்குப் பிடித்த கடவுள்" போன்ற தலைப்புகளைத் தேர்விலிருந்தே நீக்கிவிடுங்கள். எந்தப் பிள்ளையையும் தன் சமயத்தின் சார்பாகப் பேசும்படி எழுப்பி நிறுத்தக்கூடாது. தானாகக் கை தூக்கினால் பேசட்டும். மாதத்துக்கு இரண்டு பாடவேளை கிடைத்தாலே தொடங்கலாம், அவற்றைக் கணக்குக்குக் கடன் கொடுக்காமல் இருந்தால்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு பத்தியாகத் தட்டச்சு செய்து, இடப்பக்கம் பாடத்தையும் வலப்பக்கம் வெற்றிடத்தையும் விட்டு, அந்தச் சமயத்தைப் பின்பற்றும் ஒரு வாசகருக்கும் பின்பற்றாத ஒரு வாசகருக்கும் அனுப்புங்கள். எது தவறு, எது விட்டுப்போனது, எந்தச் சொல் உறுத்துகிறது என்று வலப்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்பற்றுபவர் "இது நாங்கள் இல்லை" என்று எழுதிய வரியைக் குழு மறுபடி எழுத வேண்டும். பின்பற்றாதவர் "இது பிரசாரம்" என்று எழுதிய வரியையும் அப்படியே. வலப்பக்கம் முழுவதும் வெறுமையாகத் திரும்பி வந்தால், அவர் இன்னும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, நேரில் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.